தோல் உள்ளே, ஆள் வெளியே!

பெரம்பலூர்க் கடைத்தெருவிலோ, அரியலூர் ரயிலடியிலோ, ஜெயங்கொண்டம் சந்தையிலோ நாலு பேர் கூடி டீ சாப்பிட உட்கார்ந்தால், சிறிது நேரத்துக்கெல்லாம் நாடகக்காரர்களைப் பற்றியும் பாட்டுக்காரர்களைப் பற்றியும் பேச்சுக் கிளம்பிவிடுவதை நாம் பல தடவை கண்டிருக்கிறோம். "கிட்டப்பா எத்தனை வயதில் செத்தார்? சொல் பார்ப்போம்" என்பார் ஒருவர். "தமிழில் பேசிய முதல் படம் எது?" என்பார் மற்றொருவர். தோற்றவர் டீக்குக் காசு கொடுக்க வேண்டும். வயதானவர்கள் ஆர்மோனியக்காரர் பெயர் வரையில் ஒப்பிப்பார்கள். சிறுவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள்.

சுயமரியாதைக்காரர்களாகிய நாம் இதைக் கண்டு முகம் சுளிப்பதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிடவும் நாம் தயாராயில்லை. ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது என்று பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டு இருப்பதைவிடக் கிட்டப்பாவின் வயதைத் தெரிந்து வைத்திருப்பது நூறு மடங்கு மேலான காரியமே ஆகும். ஆனதினால் அந்தப் போட்டியில் நாமும் கலந்துகொள்ளப் போகிறோம். முதலில் எல்லோருக்கும் பிடித்தமான சில சங்கதிகளைச் சொல்லிவிட்டு, பிறகு நம் பங்குக்குச் சில கேள்விகளைக் கேட்கிறோம்.

செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா 1906-இல் பிறந்து 1933 டிசம்பர் மாதம் 2-ந் தேதி காலமானார். ஆகவே அவருக்கு அப்போது வயது 27 தான். கொடுமுடியிலே பிறந்து, சிறு பெண்ணாக ரயில் வண்டியில் பாடிப் பிழைத்த கே.பி. சுந்தராம்பாளும் அவரும் ஒன்றாக நாடக மேடை ஏறியது இலங்கையிலே ஆகும். அவர் இறந்த பிறகு அம்மையார் வெள்ளைச் சேலையே உடுத்தினார். 1935-இல் வெளிவந்த 'பக்த நந்தனார்' படத்தில் நடிப்பதற்கு அவருக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுக்கப்பட்டது. அந்தக் காலத்தில் எந்த ஆண் நடிகருக்கும் எட்டாத தொகை அது. பின்னாளில் சட்ட மேல்சபை அங்கத்தினராகவும் இருந்து 1980-இல் மறைந்தார்.

தமிழில் பேசிய முதல் படம் என்று சொல்லப்படும் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31-ந் தேதி வெளிவந்தது. அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். ஜனங்கள் அதற்கும் கைதட்டினார்கள்! 1932-இல் வந்த 'இந்திரசபா' என்னும் இந்திப் படத்தில் எழுபது பாட்டுகள் அளவில் இருந்தன. எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போய், பிரிவி கவுன்சில் வரை வழக்காடி 1947-இல் விடுதலையானார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அவரிடம் சிறுவனாக இருந்து பயின்ற டி.கே. சண்முகம் சொல்லியிருக்கிறார்.

இவையெல்லாம் சுவையான விஷயங்களே. நம் ஊர்க்காரர்களுக்கு இவற்றில் இன்னொரு பெருமையும் உண்டு. பாட்டும் கதையும் பட்டணத்திலிருந்து நம் பக்கத்துக்கு வந்தவை அல்ல. உடையார்பாளையம் ஜமீனில் கச்சிக் கலியாணரங்கர் காலத்தில் வித்வானாக இருந்தவர் கனம் கிருஷ்ணையர். அவர் பிறந்த பெரிய திருக்குன்றம் அரியலூர்ப் பக்கத்து ஊர்தான். அவர் பாடி வைத்த பதங்கள் தமிழிலே இருக்கின்றன. அவருக்கு உறவினரும் மாணவருமான வேங்கடசுப்பையர் என்பவர் அரியலூரிலும் குன்னத்திலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் சீகாழி அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடிக் கதை சொல்லி, ஊரார் கொடுத்ததைக் கொண்டு குடும்பம் நடத்தினார். அந்தக் குடும்பத்துப் பையன் அரியலூரிலும் குன்னத்திலும் தமிழ் படித்து, பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பிலக்கணம் கேட்டுத் தேறினான். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் உ.வே. சாமிநாதையர். ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சிட்ட அந்தப் பெரியவருடைய கொள்கைகளில் நமக்கு ஒப்பாதவை அநேகம் உண்டு. ஆனாலும் அவர் உழைப்பை நாம் மறுக்கமாட்டோம். ஒரு பாட்டுக்காரருடைய மகனுக்குத் தமிழ்ச் சோறு போட்ட ஊர்கள் நம் ஊர்கள் என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நம் விருப்பம்.

நிற்க. இனி நம்முடைய கேள்விகளுக்கு வருவோம்.

முதல் கேள்வி: பாலக்காடு மணி ஐயர் என்றால் மிருதங்கம் என்று எல்லோரும் சொல்லுவார்கள். அவருக்கு அந்த மிருதங்கத்தைச் செய்து கொடுத்த தஞ்சாவூர்க்காரர் பெயர் என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்டால் டீக்கடையில் சத்தம் அடங்கிப் போகும் என்பது நமக்குத் தெரியும். அவர் பெயர் பர்லாந்து. அவர் தகப்பனார் பெயர் செபாஸ்டியன். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து கிறிஸ்தவரான குடும்பம். மிருதங்கம் என்பது வெறும் பலாக் கட்டை அல்ல. பசுத்தோல், ஆட்டுத்தோல், எருமைத்தோல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது பேசும். அந்தத் தோலைப் பொறுக்கி எடுத்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, காயவைத்து, அறுத்து, பின்னி, வார் இழுத்து, சாதம் போட்டு, இன்ன இடத்தில் இன்ன நாதம் வரவேண்டும் என்று காதால் நிதானித்துச் செய்கிறவனுக்குச் சுருதி தெரியாது என்று எவனாவது சொல்ல முடியுமா? வாசிக்கிறவருக்கு எவ்வளவு ஞானம் வேண்டுமோ அவ்வளவு ஞானம் செய்கிறவனுக்கும் வேண்டும். ஆயினும், வாசித்தவருக்குப் பட்டமும் சால்வையும் கிடைத்தன. செய்தவனுக்குப் பின்பக்கத்து வாசல் கிடைத்தது.

பசுவைக் கோமாதா என்று கும்பிடுகிறவர்களே பசுத்தோல் கட்டிய வாத்தியத்தைப் பூஜை அறையிலே வைக்கிறார்கள். அது குற்றம் என்று நாம் சொல்லவரவில்லை. நல்ல நாதம் வர நல்ல தோல் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தோலை உரித்துக் கொடுத்தவன் தொட்டால் தீட்டு என்று சொல்லுவதற்கு மட்டும் நாக்கு எப்படி வருகிறது என்றுதான் கேட்கிறோம். இந்த மிருதங்கக் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்று ஒரு புத்தகம் எழுதி 2020-இல் வெளியிட்டபோது, அதை வெளியிட இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த சென்னைக் கலாக்ஷேத்திரா அந்த அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இது ஏதோ தாத்தா காலத்துக் கதை அல்ல. நேற்று நடந்தது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

இரண்டாவது கேள்வி: நந்தன் என்ன தொழில் செய்தான்?

'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் கொடுத்தார்கள் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அந்த நந்தன் யார் என்று கேட்டால் 'பண்ணையாள், சிதம்பரம் போக ஆசைப்பட்டவன், வேதியர் விடவில்லை, நாற்பது வேலி நிலத்தையும் ஓர் இரவில் பயிரிட்டுக் காட்டினான்' என்று சொல்லுவார்கள். அது கோபாலகிருஷ்ண பாரதியார் கட்டின கதை. பெரியபுராணத்தில் அந்த வேதியரும் இல்லை. நாற்பது வேலியும் இல்லை. சேக்கிழார் சொல்லுகிறபடி நந்தன் கொள்ளிடக்கரை ஆதனூர்க்காரன். அதே கொள்ளிடம்தான் நம் அரியலூர் ஜில்லாவுக்குத் தெற்கு எல்லையாக ஓடுகிறது. ஆகவே அவன் நமக்கு அடுத்த வீட்டுக்காரன். அவன் கோயில்களுக்குச் செய்த தொண்டு என்னவென்றால், பேரிகை முதலிய வாத்தியங்களுக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுத்தான். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தான்.

வாசகர்களே! இதைச் சற்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். அவன் கொடுத்த தோல் கோயிலுக்குள்ளே போயிற்று. அவன் கொடுத்த நரம்பு உள்ளே போயிற்று. சாமி காதுக்கு அந்தத் தோலின் சத்தம் இனித்தது. தோலைக் கொடுத்தவன் மாத்திரம் வெளியே நின்றான். செத்த மாட்டின் தோலுக்கு இருந்த யோக்கியதை, உயிரோடு இருந்த மனிதனுக்கு இல்லை. தோலுக்குத் தீட்டு இல்லை, ஆளுக்குத் தீட்டு! இதைவிட விசித்திரமான ஒரு சங்கதியை எந்த நாடகக் கொட்டகையிலும் யாரும் கண்டிருக்கமாட்டார்கள்.

அப்புறம் அவன் எப்படித்தான் உள்ளே போனான்? நெருப்புக் குழி வெட்டி, அதில் இறங்கி, பழைய உடம்பு போய், பூணூல் போட்ட முனிவனாக வெளியே வந்து, அப்புறம் உள்ளே போனானாம். அதாவது, நந்தனாக இருந்தவரைக்கும் போகவில்லை. நந்தன் போன பிறகுதான் போனான். நாற்பது வேலியை ஓர் இரவில் பயிராக்கத் தெரிந்த கடவுளுக்கு ஒரு கதவைத் திறக்கத் தெரியாமல் போனது ஏன் என்று பாகவதர்களில் யாராவது கேட்டதுண்டா? 'நாற்பது வேலிக்கும் கூலி எங்கே?' என்று அந்த வேதியரை யாராவது கேட்டதுண்டா? ஜனங்கள் கண்ணீர் விட்டு அழுதார்கள், 'ஒன்ஸ்மோர்' கேட்டார்கள், வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள். மறுநாள் காலையில் களத்துமேட்டில் நின்ற நந்தனுக்கு எட்ட நின்று கஞ்சி ஊற்றினார்கள்.

கோபாலகிருஷ்ண பாரதியாரை நாம் குறைத்துச் சொல்லவரவில்லை. அந்தக் காலத்தில் ஒரு சேரி மனிதனைக் கதாநாயகனாக வைத்துப் பாடுவதற்கே நெஞ்சுரம் வேண்டியிருந்தது. பண்ணையாளின் கஷ்டத்தைத் திண்ணையில் உட்கார்ந்தவர் காதில் போட்டவர் அவர். 1860-களின் துவக்கத்தில் காரைக்காலில் அந்தப் புத்தகத்தை அச்சிட உதவினவர் ஒரு பிரெஞ்சு அதிகாரி. சிறப்புப் பாயிரம் கேட்டு மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனபோது, இலக்கணப் பிழை இருக்கிறதென்று அவர் நெடுநாள் தயங்கினார். பாட்டு நன்றாயிருக்கிறது, இரக்கமும் இருக்கிறது. ஆனால் இரக்கம் வேறு, உரிமை வேறு. அழவைக்கிற கதை அழவைப்பதோடு நின்றுவிடும். வெட்கப்படவைக்கிற கதைதான் ஊரை மாற்றும்.

மூன்றாவது கேள்வி: சினிமாவில் நந்தனாக நடித்தவருக்கே தீட்டுக் கற்பித்தது எப்போது?

1942-இல் ஜெமினி கம்பெனி மறுபடியும் 'நந்தனார்' படம் எடுத்தது. அதில் நந்தனாக நடித்தவர் இசையரசு எம்.எம். தண்டபாணி தேசிகர். அவர் பாட்டில் உருகாதவர் இல்லை. அதே தேசிகர் 1946-இல் திருவையாற்றுத் தியாகராஜர் உற்சவத்தில் தமிழ்ப் பாட்டு ஒன்றைப் பாடினார். உடனே சந்நிதானம் தீட்டுப்பட்டுவிட்டது என்று பேச்சுக் கிளம்பிற்று. அதைக் கண்டித்துக் 'குடி அரசு' எழுதியது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவரோ தேவாரம் பாடுகிற சைவ மரபில் வந்தவர். பாடினதோ தமிழ். பாடின இடமோ காவிரிக்கரை. இதிலே தீட்டு எங்கிருந்து வந்தது? படத்திலே நந்தனுக்கு நேர்ந்தது நான்கு வருஷத்துக்குப் பின் நிஜத்திலே நடிகருக்கே நேர்ந்துவிட்டது! கனம் கிருஷ்ணையர் உடையார்பாளையத்தில் தமிழ்ப் பதம் பாடி நூறு வருஷத்துக்கு மேலான பின்பும், தமிழ்நாட்டில் தமிழில் பாடுவதற்கு 1941 முதல் ஒரு கிளர்ச்சியே நடத்த வேண்டியிருந்தது என்றால், அந்தச் சங்கீத உலகத்தின் யோக்கியதையை நாம் விவரிக்கவும் வேண்டுமா?

அதே திருவையாற்றைப் பற்றி இன்னொரு துணுக்கு. தியாகராஜருடைய சமாதியைத் தம் கைப்பணத்தைப் போட்டுக் கட்டிடமாக எழுப்பினவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற தேவதாசி வகுப்புப் பெண்மணி. அவர் கட்டிய இடத்தில், ஆராதனையின்போது பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். அம்மையார் சும்மா இருக்கவில்லை. பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியே ஆராதனை நடத்தினார். 1940-இல் கட்சிகள் ஒன்றான பின்புதான் பெண்களுக்கும் வழி பிறந்தது. காசு உள்ளே, காசு கொடுத்தவள் வெளியே. நந்தன் கதையேதான், ஆள்தான் வேறு.

இவ்வளவும் படித்த நம் தோழர்கள் சிலர், 'ஆமாம், எல்லாம் பார்ப்பனர் செய்த அக்கிரமம்' என்று சொல்லிவிட்டு மீசையை முறுக்கிக்கொள்ளக்கூடும். அவர்களுக்குத்தான் நாம் நான்காவது கேள்வியை வைத்திருக்கிறோம்.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு கல்யாண ஊர்வலம். நாதசுரம் வாசித்தவர் மதுரை சிவக்கொழுந்து. வியர்வை துடைக்கத் தோளிலே ஒரு துண்டு போட்டிருந்தார். அந்தத் துண்டை எடுத்துவிட்டு வாசிக்க வேண்டும் என்று தகராறு வந்தது. எடுக்க வேண்டாம், போட்டபடியே வாசியுங்கள் என்று பக்கத்தில் நின்றவர் நம் பட்டுக்கோட்டை அழகிரிசாமி. துண்டை எடுக்கச் சொன்னவர்கள் யார்? அய்யர்களா? அய்யங்கார்களா? இல்லை. நம்மைப் போன்ற பார்ப்பனரல்லாத பணக்காரர்கள்தான். பார்ப்பானிடம் தான் வாங்கின அடியைத் தனக்குக் கீழே உள்ளவனிடம் வட்டியோடு இறக்கி வைக்கிற புத்தியைத்தான் நாம் பார்ப்பனியம் என்கிறோம். அது பூணூல் போட்ட உடம்பிலும் இருக்கும்; போடாத உடம்பிலும் இருக்கும்.

நம் ஜில்லாக்களையே எடுத்துக்கொள்வோம். 2011-ம் வருஷத்து ஜனக்கணக்குப்படி பெரம்பலூர் ஜில்லாவில் பத்துப் பேரில் மூன்று பேர் தாழ்த்தப்பட்ட வகுப்பார். அதாவது நம் திருவிழாவுக்குப் பறை அடிக்கிறவரும், சாவுக்குப் பறை அடிக்கிறவரும், நம் பக்கத்துச் சேரியிலேயே இருக்கிறார். மாரியம்மன் காப்புக் கட்டுவதிலிருந்து தேர் நிலைக்கு வரும் வரையில் பறை இல்லாமல் எந்தக் காரியமாவது நடக்கிறதா? அப்படியிருக்க, ராத்திரி நாடகம் போடுகிறபோது ராஜபார்ட்டுக்கும் ஸ்திரீபார்ட்டுக்கும் ஆர்மோனியக்காரருக்கும் மேடையிலே மாலை போடுகிறீர்கள். நோட்டீசில் பெயர் போடுகிறீர்கள். ஏழு நாளும் பறை அடித்தவர் பெயரை எந்த ஊர் நோட்டீசிலாவது அச்சடித்தீர்களா? அவருக்கு மேடையில் நாற்காலி போட்டீர்களா? அவர் சாப்பிட்ட இலை எந்தப் பந்தியிலே விழுந்தது? சில ஊர்களில் மாறியிருக்கலாம். மாறிய ஊர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். மாறாத ஊர்க்காரர்கள் நம் கேள்விக்கு நமக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. தங்கள் மனச்சாட்சிக்குச் சொல்லிக்கொண்டால் போதும்.

2025-இல் மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. பட்டங்களில் நமக்கு அவ்வளவு மோகம் கிடையாது. என்றாலும், டில்லியில் ஆசனம் கிடைத்த பறைக்கு உள்ளூர்ப் பந்தலில் ஓர் ஆசனம் கிடைக்கவில்லை என்றால், வெட்கம் யாருக்கு?

'கலையிலே ஏன் ஐயா ஜாதியைக் கொண்டுவருகிறீர்கள்?' என்று சிலர் கேட்பார்கள். நாம் கொண்டுவரவில்லை. அது முன்னமே அங்கே ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறது. 'எழுந்திரு' என்று சொல்லுகிறவனைப் பார்த்து, 'நீதான் கொண்டுவந்தாய்' என்றால் அது என்ன நியாயம்? பாட்டுக்கு ஜாதி இல்லை என்பது உண்மையானால், பாடுகிறவனுக்கும் கொட்டுகிறவனுக்கும் தோல் கட்டுகிறவனுக்கும் ஒரே பந்தியில் இலை போட்டுக் காட்டட்டும். அன்றைக்கு நாம் இந்தப் பேச்சை விட்டுவிடுகிறோம்.

இது நம் நாட்டு நோய் மாத்திரம் அல்ல. அமெரிக்காவில் மரியன் ஆண்டர்சன் என்ற நீக்ரோ மாது உலகம் புகழ்ந்த பாடகி. 1939-இல் வாஷிங்டனில் ஒரு பெரிய மண்டபத்தில் அவர் பாட, அந்த மண்டபத்துக்குச் சொந்தக்காரிகளான வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் சங்கம் இடம் கொடுக்க மறுத்தது. அவர் ஏப்ரல் 9-ந் தேதி லிங்கன் சிலையின் முன்னே வெட்டவெளியில் பாடினார். 75,000 பேர் திரண்டு கேட்டார்கள். அதற்கு மூன்று வருஷம் முன்னே, 1936-இல், 'போர்கி அண்டு பெஸ்' என்ற இசை நாடகம் அதே வாஷிங்டனுக்கு வந்தது. நடிகர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள். கொட்டகையிலோ கறுப்பர்களுக்கு இடமில்லை. அதாவது மேடையிலே கறுப்பர் பாடலாம். பெஞ்சியிலே கறுப்பர் உட்காரக்கூடாது! டாட் டங்கன் என்ற பிரதம நடிகர், 'எங்கள் ஜனங்கள் உட்காராத கொட்டகையில் நாங்கள் பாடமாட்டோம்' என்று நின்றுவிட்டார். மற்ற நடிகர்களும் கூடவே நின்றார்கள். கொட்டகைக்காரர்கள் இறங்கிவந்து கதவைத் திறந்தார்கள். நாடகம் போனதும் பழைய வழக்கம் திரும்பி வந்துவிட்டது என்பதும் உண்மைதான். ஆனாலும் திறக்கவே முடியாது என்ற கதவு ஒரு தடவை திறந்துவிட்டது. திறக்கலாம் என்று எல்லோரும் கண்டுகொண்டார்கள். அது சின்ன விஷயமா?

நம் நாட்டிலும் அப்படி ஒரு கதவைத் திறந்தவர் ஒருவர் உண்டு. நந்தன் கதைக்குச் சரியான பதில் எந்தப் பிரசங்கியும் சொல்லவில்லை. ஒரு பபூன்தான் சொன்னார். 1949-இல் அண்ணாதுரை வசனத்தோடு வந்த 'நல்லதம்பி' படத்தில் என்.எஸ். கிருஷ்ணன் 'கிந்தனார்' என்று ஒரு காலட்சேபம் செய்தார். நந்தன் ஆசைப்பட்டது சிதம்பரத்துக்கு. கிந்தன் ஆசைப்பட்டது பட்டணத்துக்கு. நந்தன் நெருப்பில் இறங்கினான்; கிந்தன் ரயிலில் ஏறினான். நந்தன் பூணூலோடு வெளியே வந்தான்; கிந்தன் படித்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகித் தன் சொந்த ஊருக்கே திரும்பி வந்தான். தன் உடம்பை மாற்றிக்கொள்ளாமல், தன் ஜாதியை ஒளிக்காமல், படிப்பைக் கொண்டு வந்தான். நெருப்புக்கும் படிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட எளிதாக யாரும் சொல்லிக் காட்ட முடியாது. பாகவதர் வேஷத்தைப் போட்டுக்கொண்டே பாகவதர் கதையைத் திருப்பிப் போட்டாரே, அதுதான் நாடகக் கலையின் பயன் என்று நாம் கருதுகிறோம். இப்படிப் பேசுகிறவர்களுக்குப் பயந்துதான் எம்.ஆர். ராதா நாடகங்கள் போட்ட காலத்தில், 1954-இல், சென்னை சர்க்கார் நாடகத்துக்கு ஒரு சட்டமே கொண்டுவந்தது. வெறும் பொழுதுபோக்குக்கு யாரும் சட்டம் போடுவதில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

தாழ்த்தப்பட்டவர்கள் கோயிலுக்குள் போகலாம் என்று 1947-இல் சட்டம் வந்தது. சேக்கிழார் எழுதின காலத்திலிருந்து கணக்குப் போட்டால் எண்ணூறு வருஷம் ஆகிறது. அத்தனை காலமும் அறுபத்து மூவரில் ஒருவனாக நந்தனைக் கல்லில் செதுக்கிக் கோயில் பிராகாரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அவன் பேரன் மாத்திரம் கோபுர வாசலில் நின்றான். தோல் உள்ளே, நரம்பு உள்ளே, சிலை உள்ளே, ஆள் வெளியே! கோயிலுக்குள் போவதால் யாருக்கும் அறிவு வந்துவிடும் என்று நாம் நம்புகிறவர்கள் அல்ல. ஆனால் போகக்கூடாது என்று ஒருவனைத் தடுப்பதற்கு எவனுக்கும் பாத்தியதை இல்லை என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே, பெரம்பலூர், அரியலூர் ஜில்லாத் தோழர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். கிட்டப்பாவின் வயதையும் சுந்தராம்பாள் வாங்கின லட்சத்தையும் மறந்துவிட வேண்டாம். அவற்றோடுகூடப் பர்லாந்தின் பெயரையும் சிவக்கொழுந்தின் துண்டையும் நாகரத்தினம்மாள் கட்டிய சமாதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த தடவை டீக்கடையில் போட்டி நடக்கும்போது, 'அந்த மிருதங்கத்தைக் கட்டினது யார்?' என்று ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

அதோடு நிற்காமல், வருகிற திருவிழாவில் நான்கு காரியங்கள் செய்யுங்கள். நாடக நோட்டீசில் ராஜபார்ட்டுப் பெயருக்குக் கீழே பறைக்காரர் பெயரையும் அச்சடியுங்கள். மாலை போடும்போது அவரையும் மேடையேற்றி, நாற்காலி போட்டு உட்காரவைத்துப் போடுங்கள். பேசின கூலியைப் பேசினபடியே, பேசின நாளிலே, கையிலே கொடுங்கள். மிச்சத்துக்குச் சாராயத்தைக் காட்டாதீர்கள். பந்தியில் அவருக்குப் பக்கத்து இலையில் நீங்களே உட்காருங்கள். இதற்குப் பணம் செலவில்லை, சட்டம் வேண்டாம், சர்க்கார் வரவேண்டாம். ஒரு பந்தியில் ஓர் இலையைத் தள்ளிப் போட்டால் போதும்.

அந்த இலையைத் தள்ளிப் போட மனமில்லாதவர்கள் நந்தன் நாடகத்துக்குப் போய்க் கண்ணீர் விடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுகிறோம். அந்தக் கண்ணீரால் நந்தனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.